வீட்ல ஒருத்தருக்கு டிஐடின்னு டாக்டர் சொல்லிட்டா, கூட இருக்கறவங்க என்ன பண்ணணும்

டிஐடின்னா டிசோசியேட்டிவ் ஐடென்டிட்டி டிஸார்டர், ஒரே ஆளுக்குள்ள தனித்தனி ஆளுங்க மாதிரி மாறி மாறி வர்ற, நடுவுல ஞாபகம் விட்டுப் போற மனநோய். முதல்ல சினிமால பாத்ததை எல்லாம் மூட்டை கட்டி வச்சிருங்க. ராத்திரி ஆனா கொலை பண்ணக் கிளம்புறது, கண்ணாடி முன்னாடி நின்னு ரெண்டு குரல்ல கத்துறது, அதெல்லாம் டைரக்டர் வேலை. நிஜத்துல பெரும்பாலும் சின்ன வயசுல தாங்க முடியாத கொடுமை திரும்பத் திரும்ப நடந்து, அந்தப் புள்ளையோட மனசு அதைத் தள்ளித் தள்ளி வச்சே தனித்தனி பார்ட்டா வளந்துருது. வெளிய அவ்ளோவா தெரியாது. நேத்து ஒரு மணி நேரம் பேசினது அவங்களுக்கு ஞாபகமே இருக்காது, எப்ப வாங்கினோம்னே தெரியாத சுடிதார் பீரோல இருக்கும், ஒரே நோட்ல ரெண்டு மூணு விதமா கையெழுத்து இருக்கும். வீட்ல "நடிக்கிறா"ன்னு ஆரம்பிக்கறது இங்கதான், தயவுசெஞ்சு அந்த வார்த்தையை மட்டும் விட்ருங்க.

ஸ்விட்ச் ஆகுறப்ப, அதாவது ஒரு பார்ட்ல இருந்து இன்னொரு பார்ட்டுக்கு மாறுறப்ப, என்ன பண்றதுன்னுதான் எல்லாரும் கேப்பாங்க. சமையக்கட்டுல நின்னுட்டு இருந்தவங்க திடீர்னு பார்வை ஒரே இடத்துல நின்னு, அஞ்சு வயசுக் குழந்தை மாதிரி மூலைல ஒண்டிக்கிட்டு "அவர் வந்துட்டாரா"ன்னு, அன்னிக்குக் கொடுமை பண்ணின ஆளை நினைச்சு, கேக்கலாம். பின்னாடி இருந்து போய் தொடாதீங்க, கட்டிப் பிடிக்காதீங்க. கொஞ்சம் தள்ளி தரையில உக்காந்து உங்க பேரைச் சொல்லுங்க, இன்னிக்கு என்ன தேதி, இது எந்த ஊரு, இது நம்ம வீடு, கதவு பூட்டியிருக்கு, இங்க அந்த ஆள் இல்லன்னு மெதுவா சொல்லிட்டே இருங்க. குளுந்த தண்ணி டம்ளரைக் கையில பிடிக்கச் சொல்லலாம், பாதம் தரையில படுதான்னு கேக்கலாம். அமிர்தாஞ்சன், காபித்தூள் மாதிரி வாசனை சிலருக்கு உடனே உதவும், ஆனா சிலருக்கு அந்த வாசனையே பழசைக் கிளப்பிவிடும், அதனால எது ஒத்துக்கும்னு அவங்க நல்லா இருக்கறப்பவே கேட்டு வச்சுக்கணும். "நிஜமான நீ யாரு, அவளைக் கூப்பிடு"ன்னு அதட்டாதீங்க, எல்லா பார்ட்டும் அவங்கதான். சொந்தக்காரங்க வந்தா "மாறிக் காட்டு"ன்னு கேக்குறதும் உண்டு, அவங்களை வாசலோட அனுப்பிருங்க.

டாக்டர்கிட்ட போறப்ப ஒரு நோட்டு கொண்டு போங்க. குரல் கேக்குதுன்னு மட்டும் சொன்னா ஸ்கிசோஃப்ரினியாங்கற வேற மனநோய்னு முடிவாகிற சான்ஸ் நிறைய, நேரம் எப்ப எவ்ளோ மறந்து போச்சு, அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு எழுதிக் காட்டினாதான் விஷயம் பிடிபடும். வலிப்பு இல்லன்னு உறுதி பண்ண ஈஈஜி, அதாவது மூளையோட மின் அலையைப் பாக்குற டெஸ்ட், எடுக்கச் சொல்லலாம், எடுத்துருங்க. டிஐடிக்குன்னே மாத்திரை கிடையாது, தூக்கத்துக்கும் டிப்ரஷனுக்கும் குடுப்பாங்க, முக்கிய வைத்தியம் வருஷக்கணக்கா போற தெரபிதான். அதுலயும் முதல் கட்டம் பாதுகாப்பா நிலைக்க வைக்கிறது, பழைய ஞாபகத்தைத் தோண்டுற வேலை அப்புறம்தான், அதனால நீங்க வீட்ல உக்காந்து "என்ன நடந்துச்சு சொல்லு"ன்னு தோண்டவே வேண்டாம்.

பாட்டி சாமி வந்திருக்குன்னு சொல்லுவாங்க, சண்டை போடாதீங்க, திருநீறு பூசட்டும். திருவிழால சாமியாடிட்டு வீட்டுக்கு வந்து சாதாரணமா சாப்பிடுறவங்களுக்கு ஒரு நோயும் இல்ல. ஆனா கட்டிப்போடுற இடத்துக்குக் கூட்டிட்டுப் போக விடாதீங்க. ஏர்வாடில 2001-ல சங்கிலியோட 28 பேர் தீயில செத்தாங்க, 2017 மனநலச் சட்டத்துல சங்கிலி போடவே கூடாதுன்னு இருக்கு. அதே சட்டத்துல இன்சூரன்ஸ் கம்பெனி உடம்பு நோய்க்குக் குடுக்கற மாதிரியே மனநோய்க்கும் குடுக்கணும்னும் இருக்கு, மாட்டேன்னா எழுத்துல காரணம் கேளுங்க.

உயிர மாய்ச்சுக்கணும்னு பேச்சு வந்தா தனியா விடாதீங்க, 14416 டெலி மானஸ், 24 மணி நேரமும் ஃப்ரீ, தமிழ்லயே பேசலாம்.

இன்னொண்ணு, நிறைய பேர் விட்டுர்றாங்க. ட்ரீட்மெண்ட் விஷயத்துல தனக்காக யார் பேசணும்னு அவங்களே வெள்ளைப் பேப்பர்ல எழுதிக் கையெழுத்து போட்டு வைக்கலாம், பத்திரம் எல்லாம் வேண்டாம். எழுதுறதுக்கு முன்னாடி எந்த பார்ட்டுக்காவது பேர் எழுதப் போற அந்த ஆளைக் கண்டா பயமான்னு ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.