மரா மொழியைக் கற்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

மிசோரம் மாநிலத்தின் தென்கோடியில் மியன்மார் எல்லையை ஒட்டிக் கிடக்கும் சியாஹா மாவட்டத்திலும், எல்லைக்கு அப்பால் சின் மாநிலத்தின் அடுத்தடுத்த மலைகளிலும் பேசப்படுவது மரா மொழி. இது திபெத்திய-பர்மிய மொழிக் குடும்பத்தின் குகி-சின் பிரிவைச் சேர்ந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இதைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் ஏறத்தாழ 42,000 பேர். மொழியியல் மாணவர்கள், பணியின் பொருட்டு வடகிழக்குக்குச் செல்வோர், இந்தியாவின் சிறிய மொழிகளில் ஒன்றையாவது முறையாக அறிய விரும்புவோர் ஆகியோரை மனத்தில் கொண்டு இக்குறிப்புகளை எழுதுகிறேன். வகுப்பறையோ ஆசிரியரோ கிடைப்பதற்கு முன்பே தமிழர் ஒருவர் இம்மொழிக்குத் தம் செவியையும் நாவையும் பழக்கிக்கொள்ள முடியும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் பெயரைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஆங்கிலேயர் கால ஆவணங்களில் இம்மக்களும் மொழியும் 'லாக்கேர்' என்று குறிக்கப்பட்டனர். அது அண்டை மக்கள் வழங்கிய பெயர். அவர்கள் தம்மை அழைத்துக்கொள்வது 'மரா' என்றே. 1972-இல் இப்பகுதிக்குத் தனியாகத் தன்னாட்சி மாவட்ட மன்றம் அமைந்தபோதும் அதற்குப் பழைய பெயரே இருந்தது. பின்னர்தான் அது மரா தன்னாட்சி மாவட்ட மன்றம் ஆயிற்று. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மொழிப் பட்டியலில் இன்னும் பழைய பெயரே காணப்படுவதால், நூலகத்திலும் இணையத்திலும் தேடும்போது இரண்டு பெயர்களையும் இட்டுத் தேடுங்கள். மனிதர்களிடம் பேசும்போது 'மரா' என்ற பெயரை மட்டுமே சொல்லுங்கள்.

அடுத்து, எந்த வட்டார வழக்கைக் கற்பது என்று முடிவு செய்ய வேண்டும். த்லோசாய், ஹோதாய், ஃஜுஹ்னோ, சாபி எனப் பல வழக்குகள் உள்ளன. எழுத்து வழக்கு த்லோசாயை அடிப்படையாகக் கொண்டது. விவிலியமும் அதில்தான் இருக்கிறது. ஆகவே அதிலிருந்து தொடங்குவதே சரி. ஒரே நேரத்தில் இரண்டு வழக்குகளைக் கற்க முயல வேண்டாம்.

ஒலிகள்: வரைபடத்திலிருந்து தொடங்குங்கள்

இலக்கண நூலைத் திறப்பதற்கு முன் தெற்கு மிசோரத்தின் வரைபடத்தைத் திறந்து வையுங்கள். அப்பகுதியின் ஊர்களுக்கும் நீர்நிலைகளுக்கும் பெரும்பாலும் இரண்டு பெயர்கள் உண்டு, ஒன்று மிசோ மொழியில், மற்றொன்று மராவில். மிசோவில் செர்கோர் எனப்படும் ஊர் மராவில் சைகாஓ. துய்பாங் மராவில் திபா. மிசோரத்தின் மிகப் பெரிய ஏரியான பாலாக், மராவில் பாலா. இந்த மூன்று இணைகளையும் அடுத்தடுத்து எழுதி வாய்விட்டுப் படித்தால், மரா ஒலியமைப்பின் தலையாய இயல்பு புலப்பட்டுவிடும்: முதல் பெயரில் ரகர மெய்யும், இரண்டாவதில் ஙகர மெய்யும், மூன்றாவதில் ககர மெய்யும் ஈற்றிலிருந்து மறைந்துவிட்டன. மூல குகி-சின் மொழியில் அசையை மூடிய மெய்கள் மராவில் உதிர்ந்து, அசைகள் உயிரிலேயே முடிகின்றன. உறவு மொழிகளான மிசோவும் ஹாக்கா லாயும் அந்த மெய்களைக் காத்து வைத்திருப்பதால், ஒப்பிட்டுப் பார்ப்போருக்கு மரா தனித்து நிற்கும். எழுத்தில் சில சொற்களின் இறுதியில் 'எச்' வருவதைக் காண்பீர்கள். அதைக் கண்ணால் படித்து அழுத்தி ஒலிக்காமல், பேசுபவர் அந்த இடத்தில் என்ன செய்கிறார் என்று கேட்டுப் பின்பற்றுங்கள்.

இனி, தமிழர் தடுமாறும் இடத்தைச் சொல்ல வேண்டும். மேலே 'திபா' என்று எழுதியிருப்பதைப் படித்தபோது உங்களில் பலர் நடுவிலுள்ள பகரத்தை 'தபால்' என்ற சொல்லில் வருவதுபோல மென்மையாக, குரல் அதிர்வுடன் ஒலித்திருப்பீர்கள். இரு உயிர்களுக்கு நடுவே வரும் தனி வல்லினத்தை மென்மையாக்குவது நம் நாவில் ஊறிய வழக்கம். அதை நாம் உணர்வதே இல்லை. மராவில் அப்படிச் செய்தால் அது வேறோர் ஒலியாகிவிடும், ஏனெனில் அங்கே அதிர்வுள்ள பகரமும் அதிர்வற்ற பகரமும் தனித்தனி எழுத்துகள், சொற்பொருளை மாற்றுபவை. 'திபா'வின் பகரத்தைப் 'பல்' என்ற சொல்லின் முதலில் வரும் பகரம்போலவே ஒலிக்க வேண்டும்; 'சைகாஓ'வின் ககரத்தைக் 'கல்'லின் ககரம்போல ஒலிக்க வேண்டும். இதற்காகவே மரா சொற்களைத் தமிழ் எழுத்தில் குறித்துப் பழகக் கூடாது என்கிறேன். இக்கட்டுரையில் வேறு வழியின்றி அவ்வாறு எழுதுகிறேன். உங்கள் குறிப்பேட்டில் முதல் நாளிலிருந்தே மராவின் உரோமன் எழுத்துமுறையைப் பயன்படுத்துங்கள்.

மூச்சொலி சேர்ந்த வல்லினங்கள் இரண்டாவது தடை. மெல்லிய தாளின் ஒரு துண்டை உதடுகளுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு ஒலியுங்கள். சாதாரணப் பகரத்துக்குத் தாள் அசையக் கூடாது. மூச்சொலிப் பகரத்துக்கு அது தெளிவாக விலக வேண்டும்.

அவற்றைவிடப் புதியவை, 'எச்' எழுத்தை முன்னே இட்டு எழுதப்படும் மகரம், னகரம், லகரம், ரகரம் ஆகியவை. இவை ஹகரமும் மகரமும் தனித்தனியாக அடுத்தடுத்து வருவன அல்ல. மகரத்தையே குரல் அதிர்வின்றி, மூக்கின் வழியே மூச்சை மட்டும் விட்டு ஒலிப்பது. ஒரு விரலைத் தொண்டையின் மேல் வைத்து, உதடுகளை மூடி, 'ம்' என்று நீட்டுங்கள், அதிர்வு தெரியும். இப்போது உதடுகளைத் திறக்காமலே அதிர்வை நிறுத்திவிட்டு மூச்சை மட்டும் மூக்கின் வழியே தொடர்ந்து விடுங்கள். பிறகு 'ஆ' என்று திறக்கும்போது மட்டும் குரல் எழட்டும். லகரத்துக்கும் இதே பயிற்சிதான். அங்கே மூச்சு நாவின் இரு பக்கங்களிலும் வழியும். த்லோசாய் என்ற பெயரின் தொடக்கத்திலுள்ள தகர லகரச் சேர்க்கையை, இடையில் உகரம் எதுவும் நுழையாமல் ஒரே முயற்சியில் விடுக்க வேண்டும் என்பதையும் இப்பயிற்சியோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

உயிர்களில் கவனிக்க வேண்டியது ஆங்கிலத்தில் 'ஒய்' எனப்படும் எழுத்து. மராவில் அது மெய் அன்று, வாயின் நடுப்பகுதியில் பிறக்கும் ஓர் உயிர். நமது குற்றியலுகரத்திலிருந்து தொடங்கி, உதடுகளைக் குவிக்காமல், அதைக் குறுக்கிவிடாமல் முழு உயிராக ஒலித்துப் பார்த்தால் அதன் அண்டைக்கு வந்துவிடலாம். தொப்பிக் குறி இட்ட 'ஓ' தனியொரு எழுத்து. குறி இல்லாத 'ஓ'வோடு அதைக் கலக்கக் கூடாது.

மரா தொனி மொழியும் ஆகும். குரலின் ஏற்ற இறக்கத்தால் சொல்லின் பொருள் மாறும். ஆனால் வழக்கிலுள்ள எழுத்துமுறை அதைக் குறிப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு சொல்லையும் தாய்மொழியாளர் ஒருவர் வாயிலிருந்து கேட்டு, உங்கள் சொந்தக் குறியை அதன் மேல் இட்டுக்கொள்ள வேண்டும். சொல்லைத் தனியாகக் கேட்டால் வாக்கிய முடிவின் இறக்கம் அதில் கலந்துவிடும். மாறாத ஒரே வாக்கியத்தின் நடுவில் அதை வைத்து மூன்று முறை சொல்லும்படி கேளுங்கள்; அடுத்த சொல்லுக்கும் அதே வாக்கியத்தையே பயன்படுத்துங்கள்.

இலக்கணம்

இங்கே தமிழருக்கு வேலை குறைவு. எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்ற நமது வரிசையே அங்கும் உள்ளது. வேற்றுமை காட்டும் சொற்கள் பெயருக்குப் பின்னே வருகின்றன. ஒருவரை 'அவன்', 'அவள்' என்று பிரிக்கும் பால் வேறுபாடு இல்லை.

மாறுபடுவன மூன்று. முதலாவது, தன்மை, முன்னிலை, படர்க்கை என்ற இடத்தைக் காட்டும் உறுப்பு. 'வந்தேன்' என்பதில் தன்மையைக் காட்டும் 'ஏன்' வினையின் ஈற்றில் நிற்கிறது. மராவில் அது வினைக்கு முன்னே தனி அசையாக நிற்கும். தன்மை ஒருமைக்கு 'எய்', முன்னிலை ஒருமைக்கு 'ந', படர்க்கைக்கு 'அ'. நமக்கு வினையை முடிக்கும்போதுதான் யார் என்பது தேவைப்படுகிறது. அங்கே வினையைத் தொடங்கும்போதே தேவைப்படும். இது பழக்கத்தால் மட்டுமே வரும்.

இரண்டாவது, பண்பைச் சொல்லும் சொற்கள் வினைகளாகவே நடக்கின்றன. 'பா' என்றால், மூச்சொலியோடு, நன்றாக இருத்தல். 'அ பா' என்றால் அது நன்று. செயல் வினையோடு வரும் அதே 'அ'தான் இங்கும் வருகிறது. குறிப்பு வினைமுற்றை அறிந்தவருக்கு இதில் வியப்பு இருக்காது.

மூன்றாவதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். செயப்படுபொருள் குன்றாத வினையின் எழுவாய்க்குப் பின் 'தா' என்ற சொல்லுருபு வரும். 'போ', 'வா', 'உறங்கு' போன்ற வினைகளின் எழுவாய்க்கு அது வராது. தமிழில் எழுவாய்க்கு உருபே இல்லாததால், தொடக்கத்தில் நாம் அதை விட்டுவிடுவோம், அல்லது பழகிய பிறகு எல்லா இடத்திலும் சேர்த்துவிடுவோம். இதைச் சரிசெய்ய நல்ல வழி, மரா விவிலியத்தையும் தமிழ் விவிலியத்தையும் அருகருகே வைத்துக்கொள்வது. வசன எண்கள் பொதுவானவை என்பதால் எந்த வாக்கியம் எதற்கு ஈடு என்று தேட வேண்டியதில்லை. இறைவனைக் குறிக்கும் 'கஸோபா' என்ற சொல்லை ஓர் அதிகாரம் முழுவதும் பின்தொடர்ந்து, எங்கெங்கே 'கஸோபா தா' என்று வருகிறது, எங்கே 'தா' இல்லை, ஒவ்வோர் இடத்திலும் வினை யாது என்று பட்டியலிடுங்கள். இடத்தைக் குறிக்கும் 'லியாதா', 'உம்' என்ற பொருள் தரும் 'நாதா' ஆகியவற்றின் ஈற்றிலும் அதே ஒலி கேட்கும்; அவற்றைப் பட்டியலில் சேர்க்க வேண்டாம். பெயரை அடுத்து ஏறத்தாழ 'ஃஜு' என்று வருவது பன்மை. அதன் உயிர்தான் முன்பு சொன்ன நடு உயிர்.

நூல்களும் மனிதர்களும்

இந்த எழுத்துமுறை, 1907-இல் சைகாஓவுக்கு வந்து 1944-இல் இறக்கும் வரை அங்கேயே பணியாற்றிய ரெஜினால்ட் ஆர்தர் லொரெய்ன் என்ற மறைப்பணியாளர் காலத்தது. புதிய ஏற்பாடு 1928-இலும் முழு விவிலியம் 1956-இலும் வெளிவந்தன. அவர் தொகுத்த இலக்கணமும் அகராதியும் அவர் மறைவுக்குப் பின், 1951-இல் அஸ்ஸாம் அரசின் துறை ஒன்றின் வழி அச்சேறின. அகராதியைச் சொற்பொருளுக்காகத் தயங்காமல் பயன்படுத்துங்கள். தொனிக்கு அதை நம்ப வேண்டாம். விவிலிய நடை மொழிபெயர்ப்பு நடை என்பதால், அதில் கண்ட வாக்கியம் ஒவ்வொன்றையும் கடைவீதியில் பேசத்தக்கதா என்று ஒருவரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

சியாஹாவுக்குச் செல்ல மிசோரத்தின் உள்நுழைவு அனுமதிச் சீட்டு வேண்டும். மாநிலத்துக்கு வெளியிலிருந்து வரும் இந்தியருக்கும் இது பொருந்தும். அவ்வளவு தொலைவு போக முடியாதவர்கள் ஐஸ்வாலிலோ ஷில்லாங்கிலோ படிக்கும் மரா மாணவர்களை அணுகலாம். அரசமைப்பின் ஆறாம் அட்டவணை, தொடக்கக் கல்வி எந்த மொழியில் நடக்க வேண்டும் என்று முடிவுசெய்யும் அதிகாரத்தை மாவட்ட மன்றத்துக்கு அளித்திருக்கிறது. தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு இம்மொழியைச் சிறுவருக்கு எழுத்தெழுத்தாகக் கற்பித்த அனுபவம் உண்டு. என் கணிப்பில், தொடங்குபவருக்கு அவர்களைவிடப் பொருத்தமான துணை இல்லை. மரா மக்கள் பெரும்பாலும் கிறித்தவர்கள். ஞாயிறு வழிபாட்டில் மறைநூல் வாசிப்பையும் மறையுரையையும் கூர்ந்து கேளுங்கள். பாடல்கள் இனிமையானவை, ஆனால் இசையின் ஏற்ற இறக்கம் சொல்லின் தொனியை மறைத்துவிடும் என்பதால் ஒலிப்பயிற்சிக்கு அவை உதவா.

பதிவு செய்யும்போது சுருக்கப்படாத ஒலிக்கோப்பாகச் சேமியுங்கள். சுருக்கினால், அதிர்வற்ற மகரத்தின் மெல்லிய மூச்சே முதலில் சிதையும். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் பேசுபவரின் ஊரையும் வழக்கையும் அவர் வாயாலேயே சொல்லச் செய்யுங்கள், ஏனெனில் த்லோசாய்ச் சொல்லையும் சாபிச் சொல்லையும் ஒரே பட்டியலில் கலந்துவிட்டால் பின்னர் பிரிக்க முடியாது. பதிவுக்கு முன் இசைவு கேளுங்கள். முடிந்ததும் ஒரு பிரதியை அவரது கைப்பேசிக்கே அனுப்பிவிட்டுப் புறப்படுங்கள்.