கால்நடை எலும்பு அறுவை மருத்துவத்துக்கு ஒரு பல்கலைக்கழக இருக்கை நிறுவுவது எப்படி?

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கை அமைக்க 60 இலட்சம் டாலர் திரட்டப்பட்டபோதுதான் 'இருக்கை' என்ற சொல்லின் இந்தப் பொருள் நம்மில் பலருக்கு அறிமுகமாயிற்று. கொடுக்கப்பட்ட தொகையைச் செலவழிக்காமல் மூலதனமாகப் பேணி, அது ஈட்டும் வருவாயைக் கொண்டு ஒரு துறைக்குரிய பேராசிரியரை வழிவழியாக அமர்த்தும் ஏற்பாடு அது. அமெரிக்கக் கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் எலும்பு மூட்டு அறுவை சிகிச்சை இன்று அடைந்துள்ள நிலைக்கு இத்தகைய கொடைகளும் துணைநின்றிருக்கின்றன. அங்கு வாழும் ஒரு குடும்பமோ, ஒரு கல்லூரியின் முன்னாள் மாணவர் குழுவோ இத்துறையில் ஓர் இருக்கை நிறுவ விரும்பினால் எந்த வரிசையில் செயல்பட வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன். பலர் தொகையிலிருந்து தொடங்குகிறார்கள். நோக்கத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நோக்கம் ஏன் முதலில் வர வேண்டும் என்பதற்குப் பார்பாரோ என்ற பந்தயக் குதிரையின் வரலாற்றைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன். கென்டக்கி டெர்பி என்ற புகழ்பெற்ற அமெரிக்கக் குதிரைப் பந்தயத்தை வென்றிருந்த அந்தக் குதிரையின் வலது பின்னங்கால், 2006 மே 20 அன்று பிரீக்னஸ் என்ற அடுத்த பெரும் பந்தயம் தொடங்கிய சில நொடிகளிலேயே பல துண்டுகளாக முறிந்தது. மறுநாள் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் பெரிய விலங்குகளுக்கான மருத்துவமனையாகிய நியூ போல்டன் மையத்தில் டீன் ரிச்சர்ட்சன் என்ற அறுவை மருத்துவர் உலோகத் தகட்டையும் 27 திருகாணிகளையும் கொண்டு அந்த எலும்பை இணைத்தார். அவர் வகித்த பதவியே, சார்லஸ் ரேக்கர் என்ற மூத்த அறுவை மருத்துவரின் பெயர் தாங்கிய குதிரை அறுவை சிகிச்சைப் பேராசிரியர் பதவிதான். முறிந்த எலும்பு பெருமளவு கூடிவந்தது. ஆனால் அரை டன் எடையுள்ள விலங்கு ஒரு காலைக் காக்க மற்றக் கால்களின்மேல் எடையைச் சாய்க்கும்போது அக்கால்களின் குளம்புக்குள் உண்டாகும் லாமினைட்டிஸ் என்ற நோய் அதை விடவில்லை. 2007 ஜனவரி 29 அன்று வேதனையிலிருந்து விடுவிப்பதற்காக அதன் உயிரை மருத்துவர்களே முடித்துவைக்க நேர்ந்தது. அதன் உரிமையாளர்களான ஜாக்சன் இணையர் பின்னர் 30 இலட்சம் டாலர் கொடுத்து ரிச்சர்ட்சனின் பெயரிலேயே ஓர் இருக்கையை நிறுவினார்கள். அதை அறுவை சிகிச்சைக்கென்று வைக்காமல், குதிரைகளின் நோய் ஆராய்ச்சிக்கென்று வைத்தார்கள். கத்தி வென்ற பிறகும் குதிரை எதனால் இறந்ததோ அதன்மேல் பணத்தைச் செலுத்திய அந்தத் தெளிவு உங்கள் கொடை ஆவணத்திலும் வேண்டும்.

ஆகவே முதல் வேலையாக, எந்த விலங்கின் எந்தத் துன்பத்தை மனத்தில் வைத்துக் கொடுக்கிறோம் என்பதை ஒரே பத்தியில் தாய்மொழியிலேயே எழுதிக்கொள்ளுங்கள். நாய், பூனை முதலிய சிறு விலங்குகளின் எலும்பு மருத்துவமும் குதிரையின் எலும்பு மருத்துவமும் வெவ்வேறு உலகங்கள். நாய்க்கு அறுவைக்குப் பின் ஓய்வு தரலாம், குதிரையோ மயக்கம் தெளிந்த உடனே அறுவை செய்த காலை ஊன்றி எழுந்தாக வேண்டும். இரண்டில் எது என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள், ஆனால் எந்தச் சிகிச்சை முறை என்பதைச் சொல்லாதீர்கள். நாயின் முழங்காலில் எலும்புகளைப் பிணைக்கும் சிலுவை நார் அறுந்தால், அறுந்த நாரின் வேலையை வேறொரு நாரோ நூலோ செய்யும்படி கட்டுவதே நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. கீழ்க்கால் எலும்பின் மேற்பகுதியை வெட்டிச் சுழற்றித் தகட்டால் பொருத்தும் முறையை பார்க்லே ஸ்லோகம் 1993-இல் வெளியிட்ட பிறகு அந்த நிலை பெரிதும் மாறிவிட்டது. 1970-களில் ஒருவர் பழைய முறையின் பெயரைச் சொல்லி இருக்கை நிறுவியிருந்தால் அந்த ஆவணமே இன்று ஒரு கைவிலங்காகியிருக்கும். 'சிறு விலங்குகளின் எலும்பு, மூட்டு, தசைநார் ஆகியவற்றின் அறுவை சிகிச்சையிலும், அச்சிகிச்சைக்குப் பின் நேரும் சிக்கல்களைப் பற்றிய ஆய்விலும், இவற்றைக் கற்பிப்பதிலும்' என்ற அளவில் எழுதினால் காலம் மாறினாலும் சொற்கள் நிற்கும்.

அடுத்தது தொகை. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் இருக்கைக்கு ஒரு குறைந்த அளவையும், அதற்குக் கீழ்ப்பட்ட பெயர்தாங்கிய பேராசிரியர் பதவிக்கு வேறோர் அளவையும் வகுத்திருக்கும். அந்தப் பட்டியலைக் கொடை வளர்ச்சி அலுவலகத்தில் எழுத்துவழி கேட்டுப் பெறுங்கள். 30 இலட்சம் டாலர் என்றால் ஆண்டு முழுவதும் அந்தப் பணம் துறைக்குக் கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. வழக்கமாக மூலதனத்தின் பல ஆண்டுச் சராசரி மதிப்பில் 4 முதல் 5 விழுக்காடுதான் வழங்கப்படுகிறது, 4.5 விழுக்காடு எனக் கொண்டால் ஆண்டுக்கு 1,35,000 டாலர். பென்சில்வேனியாவில் 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்த விகிதம் பொதுவாக 2 முதல் 7 விழுக்காட்டுக்குள் அமைய வேண்டும். ஏனைய மாநிலங்கள் அனைத்தும் 2006-இல் வகுக்கப்பட்ட பொதுச் சட்ட மாதிரியைத் தழுவியுள்ளன. நிர்வாகக் கட்டணம் எவ்வளவு, அது வருவாயிலிருந்து கழிக்கப்படுமா மூலதனத்திலிருந்தா என்பதையும் கேளுங்கள். பல இடங்களில் தொகையை ஐந்து ஆண்டுத் தவணைகளில் கொடுக்கலாம், ஆனால் முழுமையாகச் சேரும்வரை பொதுவாக ஆளை அமர்த்த மாட்டார்கள். ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து மதிப்பு உயர்ந்த பங்குகளை விற்காமல் அப்படியே மாற்றிக் கொடுத்தால் மூலதன ஆதாய வரி உங்கள்மேல் விழாது. இதைக் கணக்காளரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இந்தக் கட்டத்தில்தான் மிகப் பெரிய தவறு நேர்கிறது. இருக்கையின் வருவாய், பல்கலைக்கழகம் ஏற்கெனவே கொடுத்துவரும் சம்பளத்தின் இடத்தை நிரப்பிவிட்டால், உங்கள் கொடையால் எந்த விலங்குக்கும் கூடுதலாக ஒன்றும் கிடைக்காது. வேறெங்கோ ஒரு வரவு செலவுக் கணக்கு இலேசாகும், அவ்வளவே. 'இவ்வருவாய் அடிப்படைச் சம்பளத்துக்கு மாற்றாகாமல் அதற்கு மேற்பட்டதாகவே அமையும்' என்ற வாக்கியத்தைச் சேர்க்கக் கேளுங்கள். தனியார் மருத்துவமனையில் எலும்பு அறுவை நிபுணர் ஈட்டுவதைப் பல்கலைக்கழகச் சம்பளம் எட்டுவதில்லை. ஆகவே நல்லவர்களை நிறுத்தி வைப்பதற்கு ஊதிய உயர்வைவிட, ஆய்வுக்கான நேரமும் பயிற்சி மருத்துவர் ஒருவரும் உதவுவார்கள் என்று நினைக்கிறேன். அறுவை நிபுணராக ஒருவர் தகுதி பெற, பட்டத்துக்குப் பின் ஓராண்டுப் பொதுப் பயிற்சியும் மூன்றாண்டுச் சிறப்புப் பயிற்சியும் தேவை. அந்த மூன்றாண்டு இடம் ஒன்றுக்கு உங்கள் வருவாயில் ஒரு பகுதியை ஒதுக்கினால், பேராசிரியர் ஓய்வு பெற்ற பிறகும் அவர் பயிற்றுவித்தவர்களின் கைகள் வேலை செய்துகொண்டிருக்கும்.

யார் அந்த இருக்கையில் அமர்வது என்பதைக் கொடையாளர் தீர்மானிக்க முடியாது. தேர்வுக் குழு, கல்லூரி முதல்வர், பல்கலைக்கழக நிர்வாகம் என்ற வழியில்தான் அது நடக்கும். அப்படி நடப்பதே துறைக்கும் நல்லது. ஆனால் தகுதிகளை ஆவணத்தில் குறிப்பிட உங்களுக்கு இடமுண்டு. அமர்பவர் அறுவைக்கூடத்தில் தொடர்ந்து பணிபுரிபவராக இருக்க வேண்டும் என்றும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறு ஆய்வுக்குப் பின் பதவி நீட்டிக்கப்படும் என்றும் எழுதலாம். பெயரைப் பொறுத்தவரை, குடும்பப் பெயரை வைப்பதில் குறையொன்றும் இல்லை என்றாலும், ரேக்கர், ரிச்சர்ட்சன் ஆகியோரின் பெயர்களைப்போல ஓர் ஆசிரியரின் பெயரை வைப்பது மாணவர்களுக்குத் தங்கள் மரபை நினைவூட்டும் என்பதால் நான் அதையே விரும்புவேன்.

இன்னும் இரண்டு பிரிவுகள் விடுபடக் கூடாது. பதவி காலியாக இருக்கும் ஆண்டுகளில் சேரும் வருவாய் மூலதனத்தில் சேர்க்கப்படுமா, பயிற்சி மருத்துவருக்குச் செல்லுமா என்பது ஒன்று. எதிர்காலத்தில் நோக்கம் பொருந்தாமல் போனால் யாருடைய இசைவோடு, பழைய நோக்கத்துக்கு மிக நெருங்கிய எந்த நோக்கமாக அதை மாற்றலாம் என்பது மற்றொன்று. இது எழுதப்படாவிட்டால் உங்கள் காலத்துக்குப் பின் நீதிமன்றத்தை நாட வேண்டி வரலாம்.

வரைவு தயாரானதும் வழக்கறிஞரிடம் கொடுப்பதோடு நிறுத்தாமல், அந்தக் கல்லூரியின் அறுவைக்கூடத்தில் நாள்தோறும் நிற்கும் மருத்துவர் ஒருவரிடமும் கொடுத்து, இந்தச் சொற்களின்படி அடுத்த வாரம் தம்மால் எந்த நாய்க்கு, எந்தக் குதிரைக்கு, இப்போது செய்ய முடியாத எதைச் செய்ய முடியும் என்று கேளுங்கள். அவருடைய பதிலைக் கேட்ட பிறகு கையெழுத்திடுங்கள்.