பித்தளைக்கு நிக்கல் முலாம்: பட்டறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவை கணபதி பக்கத்து முலாம் பட்டறைகளில் அடிக்கடி காதில் விழுகிற புகார் ஒன்று உண்டு. உரிந்துபோன பித்தளைச் சாமானை நீட்டி, "நிக்கலே சரியில்லைங்க" என்பார்கள். நான் உரிந்த பொருக்கைத் திருப்பி அதன் அடிப்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பேன். பல நேரம் மெருகேற்றத் தேய்க்கும் பஃபிங் சோப்பின் பழுப்புப் படலம் அங்கேயே ஒட்டியிருக்கும். நிக்கல் பித்தளை மேல் உட்காரவே இல்லை, அழுக்கு மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

பளபளக்கிறது என்பதாலேயே சுத்தமாக இருக்கிறது என்று நம்புவதுதான் பெரிய தவறு. கழுவிய சாமானைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் ஒரே படலமாக வழிந்தால் சரி. சேப்பங்கிழங்கு இலையில் நிற்பது போல முத்து முத்தாகப் பிரிந்தால் எண்ணெய் மிச்சம் இருக்கிறது, திரும்பவும் காரத் தொட்டிக்குத்தான் போக வேண்டும். சுத்தமானதும் நீர்த்த கந்தக அமிலத்தில் ஒரு முக்கு, ஓர் அலசல், விரல் படாமல் உடனே மின்சாரத்தில் முலாம் ஏறும் நிக்கல் கரைசல் தொட்டிக்குள்.

"அண்ணா, ஒரு வாஷர் உள்ள விழுந்துருச்சுங்க, சாயங்காலம் எடுத்துக்கலாங்களா?" என்று பையன் கேட்டால், வேலையை நிறுத்திவிட்டு அப்போதே எடுக்கச் சொல்லுங்கள். தொட்டி நீர் அமிலத்தன்மை உள்ளது. அடியில் கிடக்கும் பித்தளை மெல்லக் கரைந்து, செம்பும் துத்தநாகமும் கரைசலில் ஏறும். அப்புறம் சாமானின் குழிவுகளிலும் உள்மூலைகளிலும் கறுப்பு படியும். கரைசலில் ஏறிய அந்தச் செம்பையும் துத்தநாகத்தையும் எடுக்க, அவை படிவதற்கென்று நெளித்த தகட்டைத் தொங்கவிட்டு, சதுர டெசிமீட்டருக்கு அரை ஆம்பியருக்கும் கீழே மின்சாரம் வைத்து மணிக்கணக்கில் ஓட்ட வேண்டும். ஒரு வாஷருக்காக ஓர் இரவு போய்விடும்.

தண்ணீர் விஷயம் நம் ஊருக்கே உரியது. 55 டிகிரிச் சூட்டில் தொட்டி தினமும் வற்றுகிறது. குடிக்கச் சிறுவாணித் தண்ணீர் கேட்கிற நாம், தொட்டிக்கு மட்டும் உப்புப் போர்வெல் தண்ணீரை ஊற்றுகிறோம். நீர்தான் ஆவியாகும், அதிலிருந்த சுண்ணாம்புச் சத்து தங்கிவிடும். அது கரைசலில் உள்ள சல்பேட்டோடு சேர்ந்து நுண்ணிய ஊசிகளாகப் படிகிறது. சாமானின் மேல்பார்த்த பக்கத்தை மட்டும் விரலால் தடவுங்கள், மணல் தாள் மாதிரி இருக்கும். ஆர்.ஓ. தண்ணீருக்கு ஆகும் செலவு, திரும்பி வரும் ஒரு லோடுக்கு ஆகும் செலவில் பாதிகூட வராது என்பது என் கணக்கு.

பளபளப்புக்காகத் தொட்டியில் சேர்க்கும் பிரைட்னரை அளவுக்கு மேல் ஊற்றுவது இன்னொன்று. கண்ணாடி போல மின்னும், ஆனால் முலாம் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். துப்பாக்கித் தோட்டாவின் பித்தளைக் கூடு நல்ல உதாரணம். தோல் வாரில் செருகி வைத்தால் பச்சை பிடிக்கிறது என்று அதற்கும் நிக்கல் பூசினார்கள். அமெரிக்காவில் சுட்ட கூட்டில் மறுபடி வெடிமருந்து நிரப்பிப் பயன்படுத்துகிறவர்கள், வெறும் பித்தளையைவிட நிக்கல் பூசியது வாயோரத்தில் சீக்கிரம் வெடிப்பதைப் பார்க்கிறார்கள். விரிந்து சுருங்கும் வேலை பித்தளைக்குப் பழக்கம், மேலே இருக்கும் கெட்டியான நிக்கல் அப்படி வளையாது. ஆகவே வளைப்பது, அடித்து இறுக்குவது எல்லாம் முலாமுக்கு முன்பே முடியட்டும்.

பழைய நிக்கல் மேலேயே புதியதைப் பூசாதீர்கள், உரித்துவிட்டுத் தொடங்குங்கள். அவசரத்துக்கு ஆம்பியரை ஏற்றாதீர்கள். சதுர டெசிமீட்டருக்கு 4 ஆம்பியரில் 10 மைக்ரான் ஏற சுமார் 13 நிமிஷம் ஆகும். கூட்டினால் ஓரம் கருகும், குழிக்குள் ஏறாது.

கையுறை இல்லாமல் தொட்டியில் கை விடுகிறவர்களுக்கு நிக்கல் சொறி வரும். ஒரு தடவை ஒவ்வாமை பிடித்தால் அது உடம்பை விட்டுப் போகாது, கைக்கடிகாரம் கட்டினால்கூட அரிக்கும். முலாம் ஏறியதும் சாமானை முக்கும் முதல் அலசல் தொட்டியின் பச்சைத் தண்ணீரைச் சாக்கடையில் திறந்துவிடாதீர்கள். அதையும் ஆர்.ஓ. தண்ணீரில் வைத்திருந்தால், நிக்கல் தொட்டி வற்றும்போது அதிலேயே திரும்ப ஊற்றலாம். வெளியே விடும் நீரில் லிட்டருக்கு 3 மில்லிகிராம் நிக்கல்தான் அனுமதி. அலசல் தொட்டியில் இருப்பது அதைப்போலப் பல மடங்கு, நம் சாக்கடை போய்ச் சேருவது நொய்யலில்.