புழுப் படம் எடுக்கப் போறீங்களா? முதலில் நாள் கணக்கு எழுதுங்க

போன மாதம் ராயபுரத்தில் ஒரு மொட்டை மாடியில் நாலு பசங்க லேப்டாப்பைத் திறந்து, தாங்கள் எடுத்துக்கொண்டிருக்கும் படத்தின் ரஷ்ஷை, அதாவது வெட்டி ஒட்டாத காட்சிகளை, போட்டுக் காட்டினார்கள். உடம்புக்குள் ஒட்டுண்ணி புகுந்து மனுஷனை ஆட்டிவைக்கிற கதை. ஏழு வருடம் முன்னால் நானும் அதே ரகத்தில் ஒரு படம் எடுத்தவன், மொத்தச் செலவு ஐந்தரை லட்சம், அதில் பாதி அக்கா நகையை அடகு வைத்த காசு. பசங்க படம் ஓட ஆரம்பித்த பத்தாவது நிமிடம் எனக்குச் சிரிப்பு வந்தது, இருபதாவது நிமிடம் எரிச்சல் வந்துவிட்டது, ஏனென்றால் நான் செய்த அதே சொதப்பல்களை ஒன்று விடாமல் அப்படியே செய்து வைத்திருந்தார்கள். அன்றைக்கு அவர்களிடம் முழுசாகச் சொல்ல முடியவில்லை, பிரியாணி வந்துவிட்டது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நல்ல மைக் வாங்கு, கதையை முடித்துவிட்டு ஷூட்டிங் போ, டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தால் ஷட்டரை 50-ல் வை, இதையெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

புழுவுக்கு வேலையே கொடுக்காமல் விடுவது

பசங்க படத்தில் புழு காது வழியாகப் போகிறது, ஆள் துடிக்கிறான், கண் வெளுக்கிறது, பக்கத்தில் இருப்பவனைக் கடிக்கிறான். சரி, அந்தப் புழுவுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். "கொல்றதுதாண்ணா" என்றார்கள். ஒட்டுண்ணி அப்படிப் பிழைக்காது. தான் அடுத்த உடம்புக்குப் போய்ச் சேருவதற்கு முன்னால் குடியிருக்கிற வீட்டையே கொளுத்தினால் அதுவும் சேர்ந்துதான் சாகும்.

நிஜத்தில் இருப்பதே போதும், நம் பாட்டிமார் கதை கேட்டாலே கிடைக்கும். நரம்புச்சிலந்தி என்று ஒரு நோய் இருந்தது. குடிக்கிற தண்ணீரில் இருக்கும் பூச்சி வழியாக உள்ளே போய், ஏறக்குறைய ஒரு வருடம் சத்தமில்லாமல் வளர்ந்து, ஒரு மீட்டர் நீளம் வரைக்கும் ஆகி, பெரும்பாலும் காலில் கொப்புளம் போட்டு வெளியே வரும். அந்த இடம் நெருப்பு மாதிரி எரியும். எரிச்சல் தாங்காமல் மனுஷன் குளத்திலோ படிக்கிணற்றிலோ காலை விடுவான், அந்த நொடியில் புழு தன் குஞ்சுகளைத் தண்ணீருக்குள் விட்டுவிடும், அதே தண்ணீரை ஊரே குடிக்கும். அவனை யாரும் கட்டாயப்படுத்தவில்லை, அவனே நடந்து போகிறான் பாருங்கள், அதுதான் கதை. 2000-ல் இந்தியாவில் அந்த நோய் ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது.

அதைவிடப் பக்கத்தில் யானைக்கால். நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் தெருவுக்கு ராத்திரியில்தான் வந்து விரலில் குத்தி ரத்தம் எடுப்பார்கள், தூங்குகிறவனை எழுப்பி. ஏன் ராத்திரி என்று அப்போது தெரியாது. அந்தப் புழுவின் குஞ்சுகள் பகலில் நுரையீரல் பக்கம் பதுங்கிக்கொண்டு, கொசு கடிக்கிற நேரம் பார்த்து நடுராத்திரி வாக்கில் தோலுக்குப் பக்கத்து ரத்தத்துக்கு வருமாம். உள்ளே இருக்கிற புழுவுக்கு மணி தெரிகிறது! இதை வைத்துக்கொண்டு நடிகர் கண்ணில் மாட்ட வெள்ளை லென்ஸைத் தேடி அலைகிறோம்.

வெள்ளை லென்ஸ்

வேண்டாம்.

எடுத்ததும் மூளைக்குள் அனுப்புவது

எறும்பைப் பிடிக்கிற ஒரு பூஞ்சை இருக்கிறது, எறும்பைச் செடி மேல் ஏறவைத்து இலை நரம்பைக் கடித்துத் தொங்கவைத்துக் கொல்லும், இப்போது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். பலருக்குத் தெரியாதது, 2017-ல் வந்த ஆராய்ச்சியில் அந்த எறும்பின் உடம்பெல்லாம், தசை நார்களைச் சுற்றியெல்லாம் பூஞ்சை இருந்தது, மூளைக்குள் மட்டும் இல்லை. நடிகருக்கு இதைச் சொல்லிப் பாருங்கள். "உனக்கு எல்லாம் தெரியுது, கை மட்டும் உன் பேச்சைக் கேக்கல" என்றால் அவர் முகத்தில் வருவது வேறு, "உன்னைப் புழு பிடிச்சிடுச்சு" என்றால் வருவது வேறு. இரண்டாவதில் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்பார்.

நாள் கணக்கு எழுதாமல் ஷூட்டிங் போவது

என் பணத்தைத் தின்றது இதுதான். இன்னும் நினைத்தால் பல்லைக் கடிக்கிறேன்.

என் கதையில் அண்ணன் தம்பி இருவர், காசிமேட்டில் மீன்பிடிக்கிற குடும்பம். அண்ணனுக்குள் புழு ஏறுகிறது, ஒன்பது நாளில் முழுசாக அவனை எடுத்துக்கொள்கிறது, கடைசியில் அவன் கடலுக்குள் நடந்து போகிறான். அந்த ஒன்பது நாளில் யார் மேல் ஏறியிருக்கிறது என்று பார்க்கிறவனுக்கு முக்கால்வாசிப் படம் தெரியக் கூடாது.

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில்தான் நிற்கும், பின்னணியில் படகுக் கூட்டம் இலவசமாகக் கிடைக்கும் என்று கணக்குப் போட்டு மே மாதம் வைத்தோம். துறைமுகம் தெரிகிற மாதிரி ஜன்னல் உள்ள ஒரு வீடு, ஒரு அக்கா நாலு ராத்திரிக்குக் கொடுத்தார். நாலு ராத்திரிதானே, லொகேஷன் வாரியாக எடுத்துத் தள்ளுவோம் என்று முடிவு. எல்லாப் படமும் அப்படித்தான் எடுக்கிறார்கள், அதில் தப்பில்லை. முதல் ராத்திரி அக்கா குடும்பம் கல்யாணத்துக்குப் போயிருந்ததால் அன்றைக்குக் கத்தல் உள்ள காட்சியை, அதாவது ஒன்பதாம் நாளை எடுத்தோம். அடுத்த ராத்திரி முதல் நாள் காட்சி, அண்ணன் அம்மாவுக்கு டீ போட்டுக் கொடுக்கிறான். மூன்றாவது ராத்திரி நாலாம் நாளும் மூன்றாம் நாளும், அந்த வரிசையில்.

அண்ணனாக நடித்தவர் நாடகத்திலிருந்து வந்தவர், உயிரைக் கொடுத்து நடிப்பார். ஒன்பதாம் நாளுக்கென்று அவரே ஒரு விஷயம் கண்டுபிடித்தார், கண்ணை மெதுவாக மூடி மெதுவாகத் திறப்பார், இரண்டு கண்ணும் ஒரே நேரத்தில் திறக்காது. பார்த்தபோது எங்களுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் மறுநாள் டீ கொடுக்கும்போதும் அந்தக் கண் லேசாக வந்திருக்கிறது. அவருக்கே தெரியவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு உள்ளங்கை அளவு மானிட்டரில் எங்களுக்கும் தெரியவில்லை. காதுக்குப் பின்னால் இருக்கிற புண்ணை மேக்கப் தம்பி ஒவ்வொரு முறையும் கண்ணளவில்தான் போட்டான், மூன்றாம் நாள் எலுமிச்சம்பழம் அளவு, நாலாம் நாள் சுண்டக்காய் அளவு.

எடிட்டிங்கில் போட்டுப் பார்த்தால் படத்தின் இரண்டாவது நிமிடத்திலேயே அண்ணன் அம்மாவைப் பார்த்துப் புழுக் கண்ணால் சிமிட்டுகிறார். முடிந்தது கதை. அடுத்த நாற்பது நிமிடம் "யாரு, யாரு" என்று நாங்கள் கட்டின சஸ்பென்ஸ் முழுக்கத் தண்டம்.

அந்த டீ காட்சியின் ரீஷூட் ஜூலையில்தான் முடிந்தது. அதற்குள் அந்த அக்கா மகளுக்கு வீட்டில் விசேஷம் என்று பச்சைச் சுவரை ரோஸாக்கிவிட்டார், அது அவர் வீடு, அவரை என்ன சொல்வது. தடைக்காலம் முடிந்து பாதிப் படகு கடலுக்குள், ஜன்னல் வழியாகப் பார்த்தால் மொட்டையாகத் தண்ணீர். நடிகர் வேறொரு வேஷத்துக்காகத் தாடி வளர்த்திருந்தார். பேட்டா, கேமரா வாடகை, சாப்பாடு, வேன் எல்லாம் சேர்த்துத் தொண்ணூறாயிரம். சுவரில் ஒரு புடவையைத் தொங்கவிட்டு, ஜன்னலைச் சாத்தி, தாடியை எடுக்கச் சொல்லிக் கையைக் காலைப் பிடித்து எடுத்தோம்.

இதற்கு வேண்டியிருந்தது ஒரு நோட்டுப் புத்தகம், நாற்பது ரூபாய்.

அதில் என்ன எழுத வேண்டும் என்றால், ஒவ்வொரு காட்சிக்கும் நேராகக் கதையில் புழு ஏறி எத்தனையாவது நாள், அந்த நாளில் கண் எப்படி, தோல் எப்படி, நடை எப்படி, குரல் எப்படி, கை எப்படி. ஒரு நாளைக்கு ஒரு புது அறிகுறிதான். வந்த அறிகுறி காரணமில்லாமல் திரும்பிப் போகக் கூடாது. கிளாப் போர்டில் சீன் நம்பருக்குப் பக்கத்திலேயே புழு நாளையும் எழுதுங்கள், எடிட்டர் உங்களைக் கும்பிடுவார். மேக்கப் முடிந்ததும் கழுத்தின் இரண்டு பக்கமும், கிளாப்போடு சேர்த்து, ஒரே வெளிச்சத்தில் போட்டோ. புண் அளவை எலுமிச்சை, நெல்லிக்காய் என்று சொல்லாதீர்கள், ஸ்கேல் வைத்து அளந்து மில்லிமீட்டரில் எழுதுங்கள். முடிந்தால் புழு ஏறுகிற நடிகருக்கு மட்டுமாவது காட்சிகளைக் கதை வரிசையில் வையுங்கள், முடியாவிட்டால் குறைந்தபட்சம் அவர் நல்ல மனுஷனாக இருக்கிற காட்சிகளை முதலில் எடுத்து முடித்துவிடுங்கள். உடம்பு ஒரு பழக்கத்தைப் பிடித்துவிட்டால் அதை விடச் சொல்வது கஷ்டம், நடிகருக்கு மட்டும் இல்லை.

உதவி இயக்குநர் பார்த்துக்கொள்வார் என்று விடாதீர்கள். நம் பட்ஜெட்டில் உதவி இயக்குநர்தான் டீ வாங்கப் போவார்.

ஒரு விதிவிலக்கு உண்டு, எனக்குப் படம் முடிந்தபிறகுதான் தெரிந்தது. ஆட்டு ஈரலில் வாழ்கிற ஒரு தட்டைப்புழு, நடுவில் எறும்புக்குள் தங்கும். சாயங்காலம் குளிர்ந்ததும் அந்த எறும்பு புல் நுனிக்கு ஏறிக் கடித்துக்கொண்டு நிற்கும், ஆடு மேயும்போது உள்ளே போவதற்கு. ஆடு வரவில்லை, வெயில் ஏறுகிறது என்றால் பிடியை விட்டு இறங்கிவந்து மற்ற எறும்புகளோடு சேர்ந்து ஒன்றும் நடக்காதது மாதிரி வேலை பார்க்கும், சாயங்காலம் மறுபடி ஏறும். பகலில் பிள்ளை, ராத்திரியில் பொம்மை. இப்படி ஒரு விதியை வைத்துக்கொண்டால் அறிகுறி வந்து வந்து போகலாம். ஆனால் அதையும் முன்னாலேயே நோட்டில் எழுதியிருக்க வேண்டும், சொதப்பிய பிறகு "எங்க புழு அப்படித்தான்" என்று சமாளிக்கக் கூடாது. நான் சமாளித்துப் பார்த்தேன், யாரும் நம்பவில்லை.

வடசென்னை என்றதும் சாக்கடையிலிருந்து தொடங்குவது

என் முதல் டிராஃப்டில் புழு பக்கிங்ஹாம் கால்வாயிலிருந்து குடிசைக் குழாய்க்கு வரும். வீடு கொடுத்த அக்காவிடம் கதை சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இன்னாப்பா, எங்க ஊட்டுத் தண்ணிலேந்துதான் உன் புழு வரணுமா? அண்ணா நகர்ல தண்ணியே இல்லியா?" என்றார். எனக்கு முகம் செத்துவிட்டது, நானே தண்டையார்பேட்டைக்காரன். ஆலைப் புகையும் எண்ணெய்க் கசிவும் இங்கே உண்மைதான், 2017 ஜனவரியில் எண்ணூர் பக்கம் இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கரையொதுங்கியபோது வாளியில் அள்ளியது எங்கள் பசங்கதான். அதைச் சொல்லுங்கள், யார் கொட்டினார்கள் என்று சேர்த்துச் சொல்லுங்கள். அசிங்கம் இங்கேயே முளைத்தது, அதனால் நோயும் இங்கேயே முளைத்தது என்று காட்டுவது சோம்பேறித்தனம். நான் அப்புறம் கடலிலிருந்து, வாங்கிவந்த ஒரு நண்டிலிருந்து என்று மாற்றினேன். நண்டுக்குள் வேர் மாதிரிப் பரவி, அதை மலடாக்கி, ஆண் நண்டைக்கூடப் பெண் நண்டு மாதிரி மாற்றித் தன் முட்டைப் பையைப் பராமரிக்க வைக்கிற ஒட்டுண்ணி நிஜமாகவே இருக்கிறது.

மே மாதத்தில் ஜெலட்டின்

ஜெலட்டினில் புழு செய்தோம், அழகாக இருந்தது, முப்பத்தைந்து டிகிரி வாக்கில் இளகிவிடும் என்பதை மறந்துவிட்டோம். லைட் போட்ட பத்து நிமிடத்தில் அண்ணன் தோளில் பாயசம். கடல்பாசி, அதுதான் மளிகைக்கடையில் சைனா கிராஸ் என்று தருவார்களே, அது நம் வெயிலுக்கெல்லாம் அசையாது, ஆனால் வளைத்தால் பட்டென்று உடையும், நெளிகிற காட்சிக்கு ஆகாது. ஜெலட்டினே வேண்டுமென்றால் கிளிசரின் சேர்த்து, மீன் கொண்டுபோகிற தெர்மாகோல் பெட்டியில் ஐஸோடு வைத்து, டேக்குக்கு டேக் எடுங்கள். வழவழப்புக்கு ஜவ்வரிசிக் கஞ்சி. சர்க்கரைப் பாகில் ரத்தம் செய்தால் நிஜ எறும்பு வரும், எங்களுக்கு வந்தது, கூட்டமாக.

உயிருள்ள புழு

பிராணிவதைத் தடுப்புச் சட்டம், 1960, மனிதனைத் தவிர எந்த உயிரும் பிராணிதான் என்கிறது. மண்புழுவும்தான். சென்சாருக்குப் போகிற எண்ணம் இருந்தால் விலங்கு நல வாரியத்தின் கடிதம் கேட்பார்கள், அந்த அலுவலகம் முன்பு திருவான்மியூரில் இருந்தது, இப்போது ஹரியானாவில். ரப்பரில் செய்துகொள்ளுங்கள்.

சத்தம்

தடைக்காலத்தில் பகல் முழுக்கப் படகுக்கு மராமத்து, சுத்தியல் நிற்காது. ராத்திரி எடுத்தால் எண்ணூர் நெடுஞ்சாலை கன்டெய்னர் லாரி. டப்பிங்குக்குப் பணம் ஒதுக்குங்கள்.

சினிமாக்காரர்களுக்கு மட்டும் போட்டுக் காட்டுவது

படத்தை முடித்து நண்பர்கள் பத்துப் பேருக்குப் போட்டுக் காட்டினேன். எல்லாரும் துறையில் இருக்கிறவர்கள். டிஐ, அதாவது கலர் திருத்தம், நன்றாக இருக்கிறது, எந்தப் படத்தின் ரெஃபரன்ஸ் என்று தெரிகிறது என்றார்கள். ரீஷூட்டை யாருமே கண்டுபிடிக்கவில்லை, நான் நிம்மதியாகத் தூங்கினேன். அப்புறம் வீடு கொடுத்தவர்களுக்குக் காட்டாமல் இருக்க முடியாதே என்று, அக்கா வீட்டு மாடியில் வெள்ளை வேட்டியைக் கட்டிப் புரொஜெக்டரில் ஓட்டினோம். அண்ணன் டீ கொடுக்கிற காட்சி போனது, அம்மா குடிக்கிற காட்சி போனது, நாலாம் நாள் வந்தது. அக்கா கையில் இருந்த முறுக்கைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"இன்னாப்பா, புழு ஏறினா செவுரு கூட பச்சையாயிடுமா?"