சிறிய அலுவலகத்துக்கு இரட்டை டிஎச்சிபி, இரட்டை டிஎன்எஸ்: கியா, பைண்ட் கொண்டு அமைக்கும் முறை

ரவுட்டர் ஒன்றே கணினிகளுக்கு ஐபி முகவரியும் வழங்கி (டிஎச்சிபி), பெயருக்குரிய முகவரியைக் கேட்கும் தேடலுக்கும் பதில் சொல்லும் (டிஎன்எஸ்) அலுவலகத்தில் அந்தப் பெட்டி படுத்துவிட்டால், கோப்பு சர்வரும் பிரிண்டரும் நன்றாக இருந்தும் யாராலும் வேலை பார்க்க முடியாது. இதைத் தவிர்க்க, டெபியன் 12 நிறுவிய இரண்டு சிறு கணினிகளில் டிஎச்சிபிக்குக் கியாவையும் டிஎன்எஸ்ஸுக்கு பைண்ட் 9-ஐயும் அமைக்கும் முறையை இங்கே விளக்குகிறேன். டெபியனை நிறுவி, நிலையான ஐபி கொடுத்து, எஸ்எஸ்எச் வழியாக உள்ளே நுழைவது வரை உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

எடுத்துக்காட்டாக, நெட்வொர்க் 192.168.10.0/24, முதல் சர்வர் 192.168.10.2, இரண்டாவது 192.168.10.3, வழங்கும் முகவரிகள் 50 முதல் 199 வரை. இரண்டு சர்வர்களையும் ஒரே யுபிஎஸ்ஸில் செருக வேண்டாம். ஒரே இயந்திரத்துக்குள் இரண்டு விர்ச்சுவல் மெஷின்களாக வைப்பதும் வீண் வேலை.

பழைய வழிகாட்டிகள் பலவும் ஐஎஸ்சி டிஎச்சிபியைப் பரிந்துரைக்கின்றன. அதன் பராமரிப்பை ஐஎஸ்சி நிறுவனமே 2022 இறுதியில் நிறுத்திவிட்டது. அதற்கு மாற்றாக அவர்கள் முன்வைப்பது கியா. டிஎன்எஸ்மாஸ்க் எனக்கு மிகவும் பிடித்த மென்பொருள்தான், ஆனால் வழங்கிய முகவரிகளின் பட்டியலை இரண்டு பெட்டிகளுக்கு இடையே பகிரும் வசதி அதில் இல்லாததால் இந்த வேலைக்கு ஆகாது.

முதல் படி: டிஎன்எஸ்

உள் பெயர்களுக்கு அலுவலகத்தின் சொந்த டொமைனுக்குக் கீழே ஒரு துணை டொமைனை வைத்துக்கொள்ளுங்கள். 'லோக்கல்' என்று முடியும் பெயர் எம்டிஎன்எஸ்ஸுக்கு (சர்வர் இல்லாமல் கருவிகள் தங்களுக்குள் பெயர் தேடும் முறை) ஒதுக்கப்பட்டது என்பதால் அதைத் தொட வேண்டாம். முதல் சர்வரில் அந்தத் துணை டொமைனின் பதிவுத் தொகுப்பை, அதாவது ஸோனை, பிரைமரி (மூலம்) என்றும், இரண்டாவதில் செகண்டரி (நகல்) என்றும் அறிவியுங்கள். செகண்டரியின் ஸோன் கோப்பு /வார்/கேஷ்/பைண்ட் அடைவில்தான் இருக்க வேண்டும். /ஈடிசி/பைண்ட் அடைவில் பைண்ட் எழுதுவதை டெபியனின் பாதுகாப்புக் கட்டுப்பாடான ஆப்ஆர்மர் தடுத்துவிடும். ஸோனை நகலெடுப்பது டிசிபி வழியாக நடப்பதால், ஃபயர்வாலில் 53-ஆம் போர்ட்டை யுடிபிக்கு மட்டும் திறந்தால் போதாது.

ஸோனில் மாற்றம் செய்யும் ஒவ்வொரு முறையும் அதன் பதிப்பைக் குறிக்கும் சீரியல் எண்ணைக் கூட்ட வேண்டும். பிறகு டிஎன்எஸ் கேள்வி அனுப்பும் டிக் கட்டளையால் இரண்டு சர்வர்களிடமும், சீரியல் எண் இருக்கும் எஸ்ஓஏ பதிவைக் கேட்டு, சீரியல் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். எக்ஸ்பயர் மதிப்பை 28 நாட்களாக, அதாவது 2419200 வினாடிகளாக வையுங்கள். பிரைமரி அதுவரை திரும்பாவிட்டால்தான் செகண்டரி அந்த ஸோனுக்குப் பதில் சொல்வதை நிறுத்தும்.

கணினிகளுக்கு டிஎச்சிபி வழியாக அறிவிக்கும் டிஎன்எஸ் முகவரிகள் 192.168.10.2, 192.168.10.3 இரண்டு மட்டுமே. பாதுகாப்புக்காக கூகுளின் பொது டிஎன்எஸ்ஸான 8.8.8.8-ஐயும் சேர்க்கும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை, ஏனெனில் எல்லா இயங்குதளங்களும் பட்டியலின் வரிசைப்படியே கேட்பதில்லை. எப்போதாவது கேள்வி வெளியே போய், 'அப்படி ஒரு பெயரே இல்லை' என்ற பதில் வந்தால் கோப்பு சர்வர் காணாமல் போனதுபோலத் தோன்றும்.

இரண்டாம் படி: கியா

இரண்டு சர்வர்களிலும் ஒரே சப்நெட், ஒரே முகவரித் தொகுதி, ஒரே ஒதுக்கீடுகள் இருக்க வேண்டும். கியா பகிர்ந்துகொள்வது வழங்கிய முகவரிகளை மட்டுமே, அமைப்புக் கோப்பை அல்ல. ஆகவே கோப்பை, மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளில் வைத்து இரண்டுக்கும் அனுப்புவதே நல்லது. லீஸ் கமாண்ட்ஸ் (வழங்கிய முகவரிகளைக் கையாள்வது), ஹெச்ஏ (இரண்டு சர்வர்களையும் இணைப்பது) என்னும் இரண்டு ஹூக் நூலகங்களையும், அதாவது கூடுதல் வசதித் தொகுதிகளையும், சேர்த்து, ஒன்று வேலை செய்ய மற்றது தயாராகக் காத்திருக்கும் ஹாட்-ஸ்டான்ட்பை முறையைத் தேர்ந்தெடுங்கள். சுமையைப் பங்கிடும் லோட்-பேலன்சிங் முறையும் உண்டு, ஆனால் சிறிய அலுவலகத்தில் சுமையே கிடையாது; ஹாட்-ஸ்டான்ட்பையில் பதிவேட்டைப் படிப்பதும் எளிது. இரண்டு கோப்புகளுக்கும் இடையே மாற வேண்டியது, 'இந்த சர்வரின் பெயர்' என்ற வரி மட்டும்தான்.

டெபியன் 12-இல் உள்ள கியா 2.2 பதிப்பில் இரண்டும் பேசிக்கொள்வது கியாவுக்கான கட்டளைகளைப் பெறும் கன்ட்ரோல் ஏஜென்ட் வழியாக. அது இயல்பாக 127.0.0.1-இல் மட்டும், அதாவது அதே கணினிக்குள் மட்டும், காத்திருக்கும் என்பதால், அந்தந்த சர்வரின் சொந்த முகவரிக்கு மாற்றி, 8000-ஆம் போர்ட்டை மற்ற சர்வருக்கு மட்டும் திறந்துவிடுங்கள்.

மூன்றாம் படி: பொறுப்பு கைமாறும் நேரம்

எல்லாம் சரியாக இருந்தும் பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். இரண்டு சர்வர்களும் 10 வினாடிக்கு ஒருமுறை நலம் விசாரித்துக்கொள்ளும். 60 வினாடி பதில் இல்லையென்றால் இரண்டாவது சர்வருக்குச் சந்தேகம் வரும். ஆனால் சந்தேகம் வந்த உடனே அது முகவரி வழங்கத் தொடங்காது. 10 வினாடிக்கு மேல் கேட்டும் பதில் பெறாத கணினிகளை எண்ணத் தொடங்கும். அந்த எண்ணிக்கை 10-ஐத் தாண்டிய பிறகே முதல் சர்வர் விழுந்துவிட்டது என்று முடிவு செய்யும். ஆயிரம் கணினிகள் உள்ள இடத்தில் இது சில நொடி வேலை. பதினைந்து பேர் வேலை செய்யும் இடத்தில், காலையில் முதலில் வருபவரின் மடிக்கணினி யாரும் முகவரி தராததால் தானே வைத்துக்கொண்ட, 169.254 என்று தொடங்கும் முகவரியோடு நிற்கும். மற்றவர்கள் கையிலிருக்கும் பழைய முகவரியில் ஓடிக்கொண்டிருப்பார்கள் என்பதால் எண்ணிக்கை பத்தைத் தொடவே தொடாது.

இந்த எண்ணிக்கையின் வரம்பான மேக்ஸ்-அன்ஆக்டு-கிளையன்ட்ஸ் என்ற மதிப்பை 0 ஆக்கினால் 60 வினாடி மௌனமே போதுமானதாகிவிடும். இதில் ஓர் ஆபத்து உண்டு: இரண்டு சர்வர்களும் உயிரோடு இருக்க, இடையிலுள்ள தொடர்பு மட்டும் அறுந்தால், இரண்டும் ஒரே தொகுதியிலிருந்து முகவரி வழங்கும். இரண்டையும் ஒரே ஸ்விட்சில் இணைத்திருந்தால் அந்த வாய்ப்பு மிகக் குறைவு; நான் 0-வையே வைத்திருக்கிறேன்.

கடிகாரத்தையும் கவனியுங்கள். இரண்டு சர்வர்களின் நேரமும் 30 வினாடிக்கு மேல் விலகினால் கியா எச்சரிக்கும். 60 வினாடியைத் தாண்டினால் கூட்டையே முறித்துக்கொள்ளும். பிறகு நேரத்தைச் சரிசெய்து, இரண்டையும் நிறுத்தி, மீண்டும் தொடங்க வேண்டும். நேரத்தைச் சரியாக வைத்திருக்கும் குரோனியை நிறுவுங்கள். ராஸ்பெரி பை 4 போன்ற, கடிகாரச் சில்லு இல்லாத பலகைகளை இந்த வேலைக்கு நான் எடுப்பதில்லை.

நான்காம் படி: சோதனை

வேலை நேரம் முடிந்ததும் முதல் சர்வரின் மின்கம்பியைப் பிடுங்கி, இரண்டு நிமிடம் பொறுத்து, ஒரு விண்டோஸ் கணினியில் ஐபிகான்ஃபிக் ரிலீஸும் ரினியூவும் கொடுங்கள். ரிலீஸ் செய்யாமல் சோதித்தால் பழைய முகவரியே நீடித்து உங்களை ஏமாற்றும். கிடைத்த முகவரியை வழங்கியது 192.168.10.3 என்று 'ஐபிகான்ஃபிக் ஆல்' காட்ட வேண்டும்.

பின்சேர்க்கை: டெபியன் 13-க்கு மாறியவர்கள், போர்ட் மோதல் பிழை வருவதாகக் கேட்டிருந்தார்கள். அதிலுள்ள கியா 2.6-இல் மல்டி-த்ரெடிங் (பல வேலைகளை ஒரே நேரத்தில் செய்வது) இயல்பாகவே இயங்குவதால், டிஎச்சிபி சர்வரே ஹெச்ஏ போர்ட்டை நேரடியாகத் திறக்கிறது. கன்ட்ரோல் ஏஜென்ட்டும் 8000-இல் இருந்தால் இரண்டும் மோதும். ஹெச்ஏ முகவரிகளை 8001-க்கு மாற்றி, ஃபயர்வாலிலும் அதைத் திறந்துவிட்டால் பிழை போய்விடும். விஎல்ஏஎன்கள் (ஒரே நெட்வொர்க்கைப் பிரித்த தனித்தனிப் பகுதிகள்) வைத்திருப்பவர்கள், டிஎச்சிபி கேள்வியை சர்வருக்குக் கடத்தும் ஒவ்வொரு விஎல்ஏஎன்னின் ரிலே அமைப்பிலும் இரண்டு சர்வர்களின் முகவரிகளையும் எழுத வேண்டும். ஒன்றை மட்டும் எழுதினால் மற்றது கேள்வியையே பார்க்காது.