லினக்ஸில் பாதியில் நின்றுபோகும் இணைப்பு: காரணத்தைக் கண்டறியும் முறை

ராமேஸ்வரம் பக்கம் மண்டபத்திலோ தங்கச்சிமடத்திலோ லினக்ஸ் கணினியை வைத்து இ-சேவைக் கடை நடத்துபவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதாக இருக்காது. தளம் திறக்கும், கடவுச்சொல்லும் ஏற்கப்படும். ஆனால் ஸ்கேன் செய்த ஆவணத்தைப் பதிவேற்றத் தொடங்கியதும் பிழைச்செய்தி எதுவுமின்றி எல்லாம் அப்படியே நின்றுவிடும். அந்த நேரத்தில் ரவுட்டரை அணைத்துப் போடாதீர்கள். அணைத்தால், நின்றுபோன இணைப்போடு காரணத்தைக் காட்டும் தடயமும் போய்விடும்.

நின்ற நிலையிலேயே டெர்மினலைத் திறந்து 'எஸ்எஸ் -டிஐ' (ss -ti) என்ற கட்டளையை இயக்குங்கள். (கட்டளைகளை ஒலிப்படி எழுதியிருக்கிறேன், ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும்.) அந்தத் தளத்துக்கான வரியில் 'செண்ட்-கியூ' (ஒப்புகை பெறாத தரவின் அளவு) எண் குறையாமல் நின்று, 'பேக்ஆஃப்' (காத்திருப்பை நீட்டித்த தடவைகள்) எண் மட்டும் ஏறிக்கொண்டிருந்தால், உங்கள் கணினி அனுப்பிய தரவுக்கு ஒப்புகை வரவில்லை என்று பொருள். லினக்ஸ் ஒவ்வொரு முறையும் காத்திருப்பை, அதிகபட்சம் இரண்டு நிமிடம் வரை, இரட்டிப்பாக்கி மீண்டும் அனுப்பும். இயல்பான அமைப்பில் 15 முறை முயன்று, ஏறத்தாழ 15 நிமிடங்களுக்குப் பிறகே இணைப்பைக் கைவிடும். பிழைச்செய்தி வராததன் காரணம் இதுதான்.

அடுத்து 'ஐபி -எஸ் லிங்க்' கட்டளையில் 'எரர்ஸ்' எண் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் கேபிளைச் சந்தேகியுங்கள். கடலோரத்து உப்புக்காற்றில் கேபிள் முனையின் செம்புத் தகடுகள் களிம்பேறி விடுவதுண்டு. முனையைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தால் பச்சை படிந்திருப்பது தெரியும். துடைத்துப் பயனில்லை; அந்த முனையை வெட்டிவிட்டுப் புதிய முனையைக் கிரிம்ப் செய்வதே சரி.

கேபிளில் குறையில்லை, சிறிய தகவல் போகிறது, பெரியது மட்டும் நிற்கிறது என்றால், பெரும்பாலும் பாக்கெட்டின் (தரவைப் பிரித்து அனுப்பும் துண்டின்) அளவே காரணம். கேபிள் இணைப்பான ஈதர்நெட் ஒரு பாக்கெட்டில் 1500 பைட் வரை ஏற்கும். பிபிபிஓஇ (பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் முறை) வழியாக வரும் பிராட்பேண்டில் அதற்கான தலைப்புக்கு 8 பைட் போய், 1492 மட்டுமே மிஞ்சும். வழியில் ஒரு ரவுட்டரால் பெரிய பாக்கெட்டைக் கடத்த முடியாவிட்டால், 'அளவைக் குறை' என்ற ஐசிஎம்பி (நெட்வொர்க் கருவிகள் பிழையை அறிவிக்கும் முறை) செய்தியை அது அனுப்புநருக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். பாதுகாப்பு என்று நினைத்து ஐசிஎம்பி முழுவதையும் ஃபயர்வாலில் தடுத்து வைக்கிறார்கள். அதனால் அந்தச் செய்தி வந்து சேராமல், கணினி அதே பெரிய பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறது. இந்தத் தடையை நான் கடுமையாக எதிர்க்கிறேன். இதனால் கிடைக்கும் பாதுகாப்பு சொற்பம், கெடும் வேலையோ ஏராளம்.

இதைச் சோதிக்க, பிங்குக்கு (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைச் செய்தி) பதில் தரும் ஒரு வெளி முகவரிக்கு 'பிங் -எம் டூ -எஸ் 1472' (ping -M do -s 1472) என்று, இறுதியில் அந்த முகவரியையும் சேர்த்து அனுப்புங்கள்; இதில் 'எம்' மட்டும் பேரெழுத்து. 1472 உடன் 28 பைட் தலைப்புகள் சேர்ந்து 1500 ஆகும். அளவு பெரிது என்ற செய்தி திரும்பி வந்தால் வழி ஒழுங்காக இருக்கிறது. கணினி தானே அளவைக் குறைத்துக்கொள்ளும். எந்தப் பதிலும் இல்லாமல், 1464 என்று குறைத்ததும் பதில் வந்தால், காரணம் பிடிபட்டுவிட்டது. மொபைல் இணைப்பில் இன்னும் குறைத்துப் பார்க்க வேண்டியிருக்கலாம்.

பதில் கிடைத்த மிகப்பெரிய எண்ணுடன் 28 ஐக் கூட்டி, நெட்வொர்க்மேனேஜர் அமைப்பில் எம்டியு (பாக்கெட்டின் உச்ச அளவு) கட்டத்தில் இடுங்கள். லினக்ஸ் கணினியே கடைக்கு ரவுட்டராக இருந்தால், லினக்ஸின் ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸில், இணைப்பின் தொடக்கத்திலேயே பாக்கெட் அளவைக் குறைக்கச் சொல்லும் 'கிளாம்ப்-எம்எஸ்எஸ்-டு-பிஎம்டியு' விதியைச் சேர்ப்பது மேல்; அது பதிவேற்றம், பதிவிறக்கம் இரண்டையும் சரிசெய்யும். லினக்ஸ் தானே சரியான அளவைத் தேடும் 'டிசிபி_எம்டியு_ப்ரோபிங்' மதிப்பை 1 ஆக்குவதும் உதவும் என்றாலும், அது உங்கள் கணினி அனுப்பும் தரவுக்கு மட்டுமே பயன்படும்.

சும்மா விட்டுவைத்த எஸ்எஸ்ஹெச் (தொலைவிலுள்ள கணினியை டெர்மினலில் இயக்கும்) இணைப்பு உறைந்துபோவது வேறு விஷயம். இடையிலுள்ள நேட் கருவி (பல கணினிகளை ஒரே முகவரியில் இணையத்துக்கு அனுப்புவது) அந்த இணைப்பை மறந்துவிடுகிறது. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கும் லினக்ஸின் கீப்அலைவ் இயல்பாக 7200 விநாடிக்குப் பிறகே தொடங்குவதால் அதுவும் காப்பாற்றாது. எஸ்எஸ்ஹெச் அமைப்பில் 'சர்வர்அலைவ்இன்டர்வல்' மதிப்பை 60 என்று வைத்தால் போதும்.

சேவை நிறுவனத்திடம் புகார் செய்ய நேர்ந்தால், 'நெட் மெதுவாக இருக்கிறது' என்று சொல்லாமல், '1464 போகிறது, 1472 க்குப் பதிலே இல்லை, ஐசிஎம்பி செய்தியும் வரவில்லை' என்று எழுதிக் கொடுங்கள்.