ஆசனப் பெயரைப் பாடமாக்காதீர்கள், பிரித்துப் பாருங்கள்

யோகா வகுப்பில் சொல்லும் ஆசனப் பெயர்களைப் பாடமாக்க வேண்டாம். கடைசியில் வரும் ‘ஆசனம்’ என்பதைக் கழற்றிவிட்டு, மிச்சத்தை நம் கோயில் சொல்லிலும் சாதகச் சொல்லிலும் தேடிப் பாருங்கள்.

தனுராசனத்தில் இருப்பது தனு ராசியின் வில். உடம்பை வில்லாக வளைக்கிறோம். விருட்சாசனத்துக்குத் தல விருட்சம் போதும். அதோமுக சுவானாசனம் பல்லை உடைக்கும் பெயர்தான். ஆனால் ஆறுமுகன் பிறப்புக் கதையில் வரும் அதோமுகம் கீழ்நோக்கிய முகம், சுவானம் நாய். சரி, குனிந்து சோம்பல் முறிக்கும் நாய்! வடமொழிச் சொற்கள் நம் வழிபாட்டில் நெடுங்காலமாகப் புழங்குவதால்தான் இது பலிக்கிறது. யாழ்ப்பாணத்துக் கீரிமலையில் இருக்கும் நகுலேஸ்வரம் கோயிலின் பெயரில் உள்ள ‘நகுல’மும் கீரிதானே.

ஆள் பெயர் வரும் ஆசனங்களில் இது சரிவராது. அர்த்த மத்ஸ்யேந்திராசனத்தில் மீனைத் தேடாதீர்கள், அது மத்ஸ்யேந்திரர் என்ற யோகியின் பெயர். அதிலுள்ள ‘அர்த்த’வும் பொருள் என்ற அர்த்தம் அல்ல, அர்த்தநாரீஸ்வரரில் வரும் பாதி. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து என்பதால் வரும் குழப்பம். சமாதி என்ற சொல்லும் குழப்பும்: யோகத்தில் அது மனம் ஒன்றிய நிலை, கல்லறை அல்ல.